ஒரே முகம், பல சட்டங்கள்: கிளியர்வியூ விவகாரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பல நாடுகளின் தனியுரிமைச் சட்டங்களை ஒப்பிட வேண்டும் என்றதும் பெரும்பாலான நிறுவனங்கள் ஓர் அட்டவணையில் தொடங்குகின்றன. இடப்பக்கம் நாடுகளின் பெயர்கள். மேல் வரிசையில் ஒப்புதல், தரவை நீக்கக் கோரும் உரிமை, கசிவை அறிவிக்க வேண்டிய கெடு, அதிகபட்ச அபராதம் ஆகிய தலைப்புகள். கட்டங்கள் நிரம்பியதும், இருப்பவற்றில் கடுமையான சட்டத்தைக் கடைப்பிடித்தால் போதும், மற்றவை அதற்குள் அடங்கிவிடும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தக் கடுமையான சட்டம் அநேகமாக ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையாக, சுருக்கமாக ஜிடிபிஆராக, இருக்கும்.

இந்த முடிவு ஆபத்தானது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அதை விளக்க கிளியர்வியூ ஏஐ நிறுவனத்தின் விவகாரம் பொருத்தமானது. அந்த நிறுவனம் எல்லா நாட்டினரிடமும் செய்தது ஒரே செயல். எடுத்தது ஒரே வகைத் தரவு. பத்துக்கும் மேற்பட்ட ஒழுங்குமுறை அமைப்புகளும் நீதிமன்றங்களும் அதே செயலை ஆராய்ந்து, வெவ்வேறு காரணங்களுக்காக வெவ்வேறு முடிவுகளை எட்டின. இப்படி ஒரு செயலை மாறாமல் வைத்துச் சட்டங்களை மட்டும் மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கும்.

நடந்தது என்ன

கிளியர்வியூ 2017-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நிறுவனம். சமூக ஊடகங்கள், செய்தித் தளங்கள் உள்ளிட்ட எவரும் பார்க்கக்கூடிய இணையப் பக்கங்களிலிருந்து மனித முகங்கள் உள்ள படங்களைத் தானியங்கி நிரல் மூலம் திரட்டியது. ஒவ்வொரு முகத்தையும் கணித அளவீடுகளின் தொகுப்பாக மாற்றிச் சேமித்தது. காவல்துறை அதிகாரி ஒருவர் தம்மிடம் உள்ள படத்தைப் பதிவேற்றினால், அதே முகம் இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்பது இணைப்புகளுடன் வந்துவிடும்.

2020 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளிப்படுத்தியபோது நிறுவனத்தின் கையில் 300 கோடிக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. அறுநூறுக்கும் மேற்பட்ட சட்ட அமலாக்க அமைப்புகள் அதைப் பயன்படுத்தியிருந்தன. படங்களில் இருந்தவர்கள் எவரிடமும் ஒப்புதல் கேட்கப்படவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு நிறுவனம் இருப்பதே தெரியாது.

நிறுவனத்தின் வாதம் எல்லா நாடுகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: எங்களுக்கு உங்கள் நாட்டில் அலுவலகம் இல்லை, நாங்கள் எடுத்த படங்கள் பொதுவெளியில் இருந்தவை. இவ்விரு வாதங்களுக்கும் ஒவ்வொரு சட்டமும் அளித்த பதில்தான் இந்த ஆய்வின் பொருள்.

சட்டம் எட்டுமா

அட்டவணையின் முதல் கட்டத்தில் இருக்க வேண்டியது இந்தக் கேள்வி. ஆனால் பல அட்டவணைகளில் இதற்கு இடமே இருப்பதில்லை.

ஜிடிபிஆரின் 3-ஆம் பிரிவுப்படி, ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நிறுவனத்தையும் சட்டம் இரண்டு வழிகளில் பிடிக்கும். அங்குள்ளவர்களுக்குப் பொருளோ சேவையோ வழங்க முன்வருவது ஒரு வழி. அவர்களுடைய நடத்தையைக் கண்காணிப்பது மற்றது. கிளியர்வியூ ஐரோப்பியப் பொதுமக்களுக்கு எதையும் விற்கவில்லை. எனவே வழக்கு முக்கியமாக இரண்டாவது வழியைத்தான் நம்பி நின்றது. ஒருவருடைய படங்களைக் காலவரிசையாக, இடங்களோடு சேர்த்துத் தேடித் தரும் வசதி நடத்தைக் கண்காணிப்போடு தொடர்புடையதே என்று இத்தாலி, கிரேக்கம், பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் அமைப்புகள் முடிவுசெய்தன.

பிரிட்டனில் இதே விதி வேறு திருப்பம் எடுத்தது. அங்குள்ள தகவல் ஆணையர் அலுவலகம் 2022 மே மாதத்தில் 75 லட்சம் பவுண்டுக்கும் சற்று அதிகமாக அபராதம் விதித்தது. 2023 அக்டோபரில் முதல்நிலைத் தீர்ப்பாயம் அதைத் தள்ளுபடி செய்தது. கண்காணிப்பு நடந்ததைத் தீர்ப்பாயம் மறுக்கவில்லை. ஆனால் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் அந்நிய அரசுகளின் காவல், பாதுகாப்பு அமைப்புகள் என்பதால் விவகாரம் சட்டத்தின் வரம்புக்கு வெளியே போய்விடுகிறது என்றது. 2025 அக்டோபரில் மேல் தீர்ப்பாயம் அந்த முடிவை மாற்றியது: அந்நிய அரசுக்குச் சேவை செய்கிறது என்பதாலேயே ஒரு தனியார் நிறுவனம் சட்டத்திலிருந்து நழுவிவிட முடியாது. சட்டம் எட்டுமா என்ற ஒரே கேள்வியில் மூன்றரை ஆண்டுகள் கழிந்தபின், விவகாரத்தின் உள்ளடக்கத்தை விசாரிக்க வழக்கு கீழ்த் தீர்ப்பாயத்துக்கே திரும்பியது.

ஆஸ்திரேலியாவின் 1988-ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டம் வேறு சொற்களில் கேட்கிறது: இந்த நிறுவனம் ஆஸ்திரேலியாவில் தொழில் நடத்துகிறதா? 2023 மே மாதத்தில் அங்குள்ள நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், ஆஸ்திரேலியாவில் உள்ள சர்வர்களிலிருந்து தொடர்ந்து படங்களைத் திரட்டுவதே அங்கு தொழில் நடத்துவதாகும் என்று கண்டது. ஐரோப்பா மனிதரைப் பார்த்து எல்லையை வகுத்தது. ஆஸ்திரேலியத் தீர்ப்பாயம் சர்வர் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தது. விடை ஒன்றாக வந்தாலும், நிறுவனம் தன் வேலையை எப்படி அமைத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்து இவை வேறுபடக்கூடும்.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இதே கேள்வியோடு படித்தால் ஒரு பெரிய இடைவெளி தென்படுகிறது. இந்தியாவுக்கு வெளியே நடக்கும் தரவுச் செயல்பாட்டை இச்சட்டம் பிடிப்பது, இந்தியாவில் உள்ளவர்களுக்குப் பொருளோ சேவையோ வழங்குவதோடு அது தொடர்புடையதாக இருந்தால் மட்டுமே. 2019, 2022 ஆகிய ஆண்டுகளின் மசோதா வரைவுகளில், இந்தியாவில் உள்ளவர்களின் விவரக் குறிப்பை உருவாக்கும் வெளிநாட்டுச் செயல்பாடும் சேர்க்கப்பட்டிருந்தது. இறுதிச் சட்டத்தில் அது இல்லை. இந்தியர்களின் முகங்களைத் திரட்டி, அந்தச் சேவையை இந்தியாவுக்கு வெளியே மட்டும் விற்கும் நிறுவனத்தை இந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவருவது கடினம். ஜிடிபிஆரைப் பார்த்து எழுதப்பட்ட சட்டம் என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறவர்கள் இந்த ஒற்றைச் சொற்றொடர் காணாமற்போனதைக் கவனிப்பதில்லை.

பொதுவெளியில் இருந்தால் எடுக்கலாமா

இந்த விவகாரத்தின் உயிர்நாடி இதுதான். இணையத்தில் எல்லோரும் பார்க்கக் கிடக்கும் படத்தை எடுப்பதில் என்ன குற்றம் என்ற கேள்வி சாதாரண வாசகருக்கும் எழும். சட்டங்கள் இதற்கு அளிக்கும் விடைகள் ஒன்றோடொன்று சற்றும் பொருந்துவதில்லை.

ஜிடிபிஆரில், பொதுவெளியில் இருப்பது தனிநபர் தரவாகவே நீடிக்கிறது. விலக்கு எதுவும் இல்லை. அதை எடுத்துப் பயன்படுத்தவும் சட்டபூர்வமான அடிப்படை ஒன்று வேண்டும். பயோமெட்ரிக் (முகம், கைரேகை போன்ற உடல் அடையாளம்) உள்ளிட்ட சிறப்பு வகைத் தரவுக்கு மட்டும், உரியவரே வெளிப்படையாகப் பகிரங்கப்படுத்தியிருந்தால் தடை நீங்கும் என்ற விதி 9-ஆம் பிரிவில் உள்ளது. ஆனால் சுற்றுலாப் படத்தைப் பகிர்ந்தவர் தம் முகத்தின் கணித அளவீட்டைப் பகிரங்கப்படுத்தியதாகக் கொள்ள முடியாது.

கனடா எதிர்த்திசையிலிருந்து வந்தது. அங்கே பொதுவெளித் தரவுக்கு விலக்கு உண்டு. ஆனால் எது பொதுவெளி என்பதை விதிகள் பட்டியலிட்டிருக்கின்றன: தொலைபேசி விவரத் தொகுப்பு, தொழில்முறைப் பதிவேடுகள், நீதிமன்ற ஆவணங்கள், நூல்கள், நாளிதழ்கள் போன்ற வெளியீடுகள். சமூக ஊடகப் பக்கமும் ஒரு வெளியீடுதானே என்று நிறுவனம் வாதிட்டது. கூட்டாட்சித் தனியுரிமை ஆணையரும் கியூபெக், பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா மாநில அமைப்புகளும் சேர்ந்து 2021 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை அந்த வாதத்தை நிராகரித்தது. அதோடு இன்னொன்றையும் சொன்னது: ஒப்புதல் இருந்திருந்தால்கூட, இந்த நோக்கம் நியாயமான மனிதர் ஏற்கக்கூடியது அல்ல. நோக்கத்தையே எடைபோடும் இந்தச் சோதனை கனடியச் சட்டத்தின் வலுவான பகுதி. ஒப்புதல் படிவத்தை மட்டுமே நம்பும் நிறுவனங்களுக்கு இது புதிதாக இருக்கும்.

அங்கும் கதை முடிந்துவிடவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஆணையரின் உத்தரவை உறுதிசெய்தது. ஆல்பர்ட்டா நீதிமன்றமோ 2025 மே மாதத்தில், பொதுவெளி விலக்கு இவ்வளவு குறுகியதாக இருப்பது அரசியலமைப்பின் கருத்துச் சுதந்திரத்தோடு மோதுகிறது என்று கண்டது. அடுத்தடுத்த இரண்டு மாநிலங்கள், ஒரே கூட்டு விசாரணையிலிருந்து பிறந்த உத்தரவுகள், இரு வேறு பாதைகள்.

கலிஃபோர்னியாவின் நுகர்வோர் தனியுரிமைச் சட்டம் பொதுவெளித் தகவலைத் தனிநபர் தகவல் என்ற வரையறையிலிருந்தே நீக்கிவிடுகிறது. அங்கேயே நின்றுவிட்டால் நிறுவனத்துக்குச் சாதகம். ஆனால் அதே வரையறை, நுகர்வோருக்குத் தெரியாமல் திரட்டப்பட்ட பயோமெட்ரிக் தகவல் பொதுவெளித் தகவல் ஆகாது என்று சேர்த்துச் சொல்கிறது. விலக்குக்குள் இருக்கும் இந்த விதிவிலக்கை ஒப்பீட்டு அட்டவணைகள் வழக்கமாகத் தவறவிடுகின்றன. சிங்கப்பூரின் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொதுவெளித் தரவைத் திரட்ட ஒப்புதல் தேவையில்லை.

இந்தியச் சட்டம் இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. உரியவரே பகிரங்கப்படுத்திய தரவுக்குச் சட்டம் பொருந்தவே பொருந்தாது என்கிறது 3-ஆம் பிரிவு. வலைப்பதிவில் தம் கருத்துகளை எழுதும் ஒருவர் தம் விவரங்களைச் சமூக ஊடகத்தில் பொதுவில் வைத்திருந்தால் இச்சட்டம் பொருந்தாது என்ற எடுத்துக்காட்டையும் சட்டமே தருகிறது. ஒப்புதல் விதி மட்டுமா விலகுகிறது? பாதுகாப்புக் கடமை, நீக்கும் உரிமை, கசிவு அறிவிப்பு எல்லாமே சேர்ந்து விலகுகின்றன. இது எனக்குக் கவலை தரும் விதி. படத்தை நண்பர்களுக்காகப் பகிர்ந்தவர் ஒரு முகத் தேடல் கிடங்குக்குள் போய்ச் சேருவதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஆனாலும் நிறுவனங்களின் சட்ட இணக்கப் பணியில் இருப்பவர்கள் இதைப் பச்சைக்கொடி என்று நினைத்துவிடக் கூடாது. விலக்கு பொருந்துவது உரியவரே வெளியிட்டதற்கும், சட்டக் கடமையால் வெளியிடப்பட்டதற்கும் மட்டும். நண்பர் பதிவேற்றிய குழுப்படம், நிகழ்ச்சி அமைப்பாளர் போட்ட படம், அனுமதியின்றி மறுபகிர்வு செய்யப்பட்ட படம் ஆகியவை இதில் வரா. கோடிக்கணக்கான படங்களை இயந்திரம் திரட்டும்போது ஒவ்வொன்றையும் யார் வெளியிட்டார் என்று எவரால் சொல்ல முடியும்? நிரூபிக்க முடியாத விலக்கின் மேல் ஒரு தொழிலைக் கட்டக் கூடாது.

படமும் அளவீடும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் 2008-ஆம் ஆண்டு பயோமெட்ரிக் தகவல் தனியுரிமைச் சட்டம் புகைப்படத்தைத் தன் வரையறையிலிருந்து வெளிப்படையாக நீக்குகிறது. ஆனால் முக வடிவியலின் அளவீட்டைச் சேர்க்கிறது. ஜிடிபிஆரின் முன்னுரையும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது: அடையாளம் காண்பதற்கான தனித் தொழில்நுட்பத்தால் செயலாக்கப்படும்போதுதான் படம் பயோமெட்ரிக் தரவாகிறது. ஆக, சட்டம் மாறும் இடம் படம் எடுக்கப்படும் கணம் அல்ல, அளவீடு பிறக்கும் கணம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் மாநிலத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2021 ஜனவரியில் புகார் அளித்த ஒருவரின் விவகாரத்தில் அவருடைய அளவீட்டை மட்டும் நீக்க உத்தரவிட்டது; படங்களை நீக்கச் சொல்லவில்லை. புகார் அளிக்காதவர்களுக்கும் அந்த உத்தரவால் பயன் இல்லை. இந்தியச் சட்டத்திலோ இப்படிப்பட்ட சிறப்பு வகைத் தரவு என்ற பிரிவே கிடையாது. கைபேசி எண்ணுக்கும் முக அளவீட்டுக்கும் அடிப்படை விதிகள் ஒன்றே.

யாருடைய கையில் கோல்

இத்தாலி, கிரேக்கம், பிரான்ஸ் மூன்றும் 2022-இல் தலா 2 கோடி யூரோ அபராதம் விதித்தன. ஜிடிபிஆரில் சிறு வருவாய் உள்ள நிறுவனத்துக்குப் பொருந்தும் உச்ச வரம்பு அதுவே. உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று பிரான்ஸ் 2023-இல் மேலும் 52 லட்சம் யூரோ சேர்த்தது. நெதர்லாந்து 2024 செப்டம்பரில் பல மீறல்களுக்கும் சேர்த்து 3 கோடியே 5 லட்சம் யூரோ விதித்தது. இயக்குநர்களைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்க முடியுமா என்று ஆராய்வதாகவும் அறிவித்தது. ஐரோப்பாவில் ஓர் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு நாட்டு அமைப்பு தலைமை ஏற்று எல்லோர் சார்பிலும் விசாரிக்கும். அலுவலகமே இல்லாத கிளியர்வியூவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு நாடும் தனித்தனியே வந்தது. அலுவலகம் இல்லாவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே பொய்த்தது.

எனினும் அந்நிய நாட்டில் சொத்தும் ஊழியரும் இல்லாத நிறுவனத்திடம் நிர்வாக அபராதத்தை வசூலிப்பது எளிதல்ல. தனக்கு ஐரோப்பாவில் அலுவலகமோ வாடிக்கையாளரோ இல்லை, ஜிடிபிஆர் தனக்குப் பொருந்தாது என்ற நிலையிலேயே நிறுவனம் நின்றது. கனடாவின் கூட்டாட்சி ஆணையருக்கோ கட்டாய உத்தரவு போடும் அதிகாரமே இல்லை, பரிந்துரைக்கத்தான் முடியும். ஆஸ்திரேலிய அமைப்பு திரட்டுவதை நிறுத்தவும் இருப்பதை நீக்கவும் 2021-இல் உத்தரவிட்டது. 2024 ஆகஸ்டில், இந்த நிறுவனத்தின் மேல் மேலும் பணமும் நேரமும் செலவிடப்போவதில்லை என்று விலகிக்கொண்டது.

நிறுவனத்தின் அடிமடியில் கைவைத்தது இல்லினாய் சட்டம். அபராதத் தொகையில் அது மிகச் சிறியது: கவனக்குறைவான மீறலுக்கு 1,000 டாலர், வேண்டுமென்றே அல்லது பொறுப்பின்றிச் செய்ததற்கு 5,000 டாலர். ஆனால் அந்தப் பணம் பாதிக்கப்பட்டவருக்கே போகும். வழக்குத் தொடரும் உரிமையும் அவருக்கே. அரசு அமைப்பு எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் 2020-இல் தொடுத்த வழக்கு 2022 மே மாதத்தில் உடன்பாட்டில் முடிந்தது. பெரும்பாலான தனியார் நிறுவனங்களுக்கு இந்த முகக் கிடங்கை விற்கக் கூடாது என்ற நிரந்தரத் தடை அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. இல்லினாய் அரசு அமைப்புகளுக்கும் காவல்துறைக்கும் ஐந்தாண்டுத் தடை. தனியாக நடந்த கூட்டு வழக்கில், இழப்பீட்டைப் பணமாகத் தரும் நிலையில் நிறுவனம் இல்லை. எனவே பாதிக்கப்பட்டவர்களுக்கு நிறுவனத்தின் 23 சதவீதப் பங்குக்குரிய மதிப்பைத் தரும் உடன்பாட்டை 2025 மார்ச்சில் நீதிமன்றம் ஏற்றது. அன்றைய மதிப்பீட்டில் அது சுமார் 5 கோடியே 17 லட்சம் டாலர்.

பல கோடி யூரோ அபராதத்தைவிட ஒரு மாநிலத்தின் ஆயிரம் டாலர் விதி நிறுவனத்தின் வியாபாரத்தை மாற்றியது. 'அதிகபட்ச அபராதம்' என்ற கட்டத்தை வைத்துக் கடுமையை அளப்பவர்கள் இந்தச் சட்டத்தை அட்டவணையின் அடியில் வைத்திருப்பார்கள். அல்லது மாநிலச் சட்டம்தானே என்று விட்டேவிட்டிருப்பார்கள். இந்தியச் சட்டத்தில் உச்ச அபராதம் 250 கோடி ரூபாய். ஆனால் அது அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு பெற்றுத்தர இச்சட்டத்தில் வழி இல்லை. முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இருந்த இழப்பீட்டு வழியையும் புதிய சட்டம் நீக்குகிறது.

கருவியை வாங்கிப் பயன்படுத்தியவர்களும் தப்பவில்லை. ஸ்வீடன் காவல்துறைக்கு 2021 பிப்ரவரியில் 25 லட்சம் குரோனா அபராதம் விதிக்கப்பட்டது. கனடாவின் ஆர்சிஎம்பி காவல் படை சட்டத்தை மீறியதாக அதே ஆண்டு ஜூனில் ஆணையர் கண்டார். விற்பவர் சட்டவிரோதமாகத் திரட்டியதை வாங்குபவர் சோதிக்காமல் பயன்படுத்துவதும் மீறலே என்பது அங்கே நிலைநின்றது.

ஒப்பீட்டை எங்கிருந்து தொடங்குவது

ஒப்பிட வேண்டியது சட்டத்தோடு சட்டத்தை அல்ல, ஒரு குறிப்பிட்ட செயலின் மேல் ஒவ்வொரு சட்டத்தையும். 'பொதுப் பக்கங்களிலிருந்து முகப் படங்களைத் திரட்டி, அளவீடு எடுத்து, மூன்றாம் நபருக்குத் தேடல் சேவையாக விற்பது' என்று செயலை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொண்டு, அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு வினைச்சொல்லையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். திரட்டுவதற்கு ஒரு விடை, அளவீடு எடுப்பதற்கு வேறு விடை, விற்பதற்கு மற்றொரு விடை கிடைக்கும் என்பதை இல்லினாயும் கலிஃபோர்னியாவும் காட்டுகின்றன.

கடுமையான ஒன்றைப் பின்பற்றினால் போதும் என்ற எண்ணம் சாதாரணச் செயல்களிலும் உடைகிறது. ஜிடிபிஆரின்கீழ் ஒரு நிறுவனம் 'நியாயமான நலன்' என்ற அடிப்படையில், உரியவரின் நலனோடு எடைபோட்டுப் பார்த்து, ஒப்புதல் இன்றியே பல வேலைகளைச் செய்யலாம். இந்தியச் சட்டத்தில் அந்த அடிப்படை இல்லை. ஒப்புதல் வேண்டும், அல்லது சட்டம் எண்ணிச் சொன்ன சில நியாயமான பயன்பாடுகளுள் ஒன்றில் அடங்க வேண்டும். ஐரோப்பாவில் முழு இணக்கத்தோடு நடக்கும் விளம்பர ஆய்வு இந்தியாவில் கால் ஊன்ற இடமில்லாமல் போகலாம். கசிவு அறிவிப்பிலும் அப்படியே. ஆபத்து ஏற்படும் வாய்ப்பு இல்லையென்றால் ஜிடிபிஆரில் அறிவிக்க வேண்டியதில்லை. இந்தியச் சட்டம் அந்த வடிகட்டியை வைக்கவில்லை. அச்சட்டத்தின்கீழ் அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். குழந்தை என்பவர் இந்தியாவில் 18 வயது நிரம்பாதவர். ஜிடிபிஆரில் இணையச் சேவைக்கான ஒப்புதல் வயது 16. உறுப்பு நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ளலாம்.

தனியுரிமைச் சட்டத்தோடு நின்றுவிடவும் கூடாது. இணையத்திலிருந்தோ கண்காணிப்புக் கேமராக்களிலிருந்தோ இலக்கின்றி முகப் படங்களை அள்ளி முக அடையாளக் கிடங்கு உருவாக்கப் பயன்படும் செயற்கை நுண்ணறிவு அமைப்புகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் நேரடியாகத் தடைசெய்கிறது. அந்தத் தடை 2025 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது. கண்காணிப்பா, ஒப்புதலா, பகிரங்கமா என்று ஆண்டுக்கணக்கில் நடந்த விவாதத்தை அது ஒரே விதியில் கடந்துவிட்டது. தனியுரிமை என்ற தலைப்பில் மட்டும் தேடும் குழுவின் கண்ணில் இது படாது.

ஒவ்வொரு கட்டத்திலும் தேதியும் வழக்கின் நிலையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பிரிட்டன் என்ற ஒரே கட்டத்தின் விடை 2022, 2023, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மாறியிருக்கிறது. இந்தியச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை 43ஏ பிரிவும் அதன்கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகளும் நீடிக்கின்றன. அந்தப் பழைய விதிகளில் பயோமெட்ரிக் தகவல் உணர்திறன் மிக்க தரவாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. இந்தியா என்ற கட்டத்தில் இப்போதைக்கு இரண்டு விடைகளை எழுதி, இரண்டின் அருகிலும் தேதியைக் குறித்துவைக்க வேண்டும்.